பிரியாணிக்கு முன் ஒரு வெறுந்தகடு

நம் தொழிலில் சோதனை எண் மோசமாக வந்தால் எல்லோரும் விஞ்ஞானி ஆகிவிடுவோம். கம்பி தளர்ந்திருக்கிறதா, கரைசல் பழசா, தராசு சரியாக நிற்கிறதா என்று ஒன்று விடாமல் நோண்டுவோம். எண் நன்றாக வந்துவிட்டாலோ கல்யாண வீட்டார் ஆகிவிடுவோம். பந்தியில் உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி உண்டா என்று யாராவது கேட்பார்களா? அப்படித்தான் நாமும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவோம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எதைக் கலக்குவது, எத்தனை டிகிரியில் சுடுவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் என்ன செய்வது என்பதைப் பற்றி.

என்னைத் தெரியாதவர்களுக்காக: என் பெயர் லூர்துமேரி. கல்மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவள். திருவொற்றியூரில் இதே ஆய்வுக்கூடத்தில், சோதனை மேசையில் வேலை பார்த்துப் போன வருஷம் ஓய்வு பெற்றேன். மற்றவர்கள் செய்து கொண்டுவரும் மின்முனையை வாங்கி, அது எவ்வளவு மின்சாரம் பிடித்து வைக்கிறது, எவ்வளவு திருப்பித் தருகிறது என்று அளந்து சொல்வது என் வேலை. நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் என் மேசையிலிருந்துதான் கிளம்பும். கெட்ட செய்தி கொஞ்சம் அதிகமாகவே கிளம்பும். அதனால் காலையில் என் முகத்தில் விழிக்கக் கூடாதென்று பின்வாசல் வழியாக வருகிறவர்களும் இருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இன்னும் இங்கே வேலை செய்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

அந்தச் சமயத்தில் நாங்கள் செய்துகொண்டிருந்தது மீன்பிடி லாஞ்சுகளுக்கான ஸ்டார்ட்டர் பெட்டி. காசிமேட்டு லாஞ்சில் டீசல் எஞ்சினைக் கிளப்புவதற்குச் சாதாரண பேட்டரிதான் இருக்கும். விளக்கு, வயர்லெஸ், பையன்களின் போன் எல்லாம் அதே பேட்டரியைத்தான் உறிஞ்சும். நடுக்கடலில் எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும்போது பேட்டரி உட்கார்ந்துவிட்டால் லாஞ்சு மிதக்கும் கட்டைதான். எங்கள் பெட்டியில் இருந்தது சூப்பர் கெபாசிட்டர். ஒரு பக்கம் தேங்காய் ஓட்டுக் கரி, இன்னொரு பக்கம் நிக்கலும் கோபால்ட்டும் கலந்த ஆக்சைடு, நடுவில் பொட்டாஷ் கரைசல். எஞ்சின் ஓடும்போதே நிரம்பிக்கொள்ளும். விளக்கோ போனோ அதைத் தொட முடியாது. கிளப்ப வேண்டிய நேரத்தில் உள்ளே இருப்பதை ஒரே மூச்சில் கொட்டும்.

முதல் பெட்டியைத் தன் லாஞ்சில் வைத்துப் பார்க்கச் சம்மதித்தவன் சூசை. எங்கள் தெருக்காரன், என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். லாஞ்சும் அவனுடையது, ஓட்டுவதும் அவனே. அதற்கு முந்தின வருஷம் எண்ணூர் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரும் பாதையில் அவன் லாஞ்சு பேட்டரி உட்கார்ந்துபோய் நின்றுவிட்டது. இன்னொரு லாஞ்சு வந்து கயிறு போட்டு இழுத்ததால் தப்பித்தான். அதிலிருந்து அவனுக்கு எஞ்சினை நிறுத்தவே பயம். டீசல் போனால் போகிறது என்று சும்மாவே ஓடவிடுவான். இப்படி ஒரு பெட்டி செய்கிறோம் என்று நான் சொன்னபோது, அது எவ்வளவு பெரிசு என்று மட்டும் கேட்டான். நான் கையை விரித்துக் காட்டினேன். “இன்னா லூர்து, பொட்டியா இல்ல சவப்பொட்டியா?” என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. லாஞ்சில் அவன் நிற்கும் அறையில் சக்கரம், அடுப்பு, அரிசி டின், மாதா படம், அவன் உட்காரும் மரப்பெட்டி எல்லாம் போக ஒரு பூனை படுக்கத்தான் இடம் இருந்தது. நாங்கள் செய்து முடித்த பெட்டி அந்த இடத்துக்குள் போகவே போகாது. அதை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, இன்னும் சின்னதாக எப்படிச் செய்வது என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் பர்வீனுக்கு அந்த எண் வந்தது.

பர்வீன் பழைய வண்ணாரப்பேட்டைப் பெண். டாக்டர் பட்டம் முடித்த கையோடு எங்களிடம் வந்து சேர்ந்தவள். ஆக்சைடுத் தூள் செய்வது அவள் பொறுப்பு. அவள் செய்யும் தூள் அவ்வளவு நுண்மையானது, டப்பாவைத் திறந்தால் புகை மாதிரி எழும். அந்த நுண்மைதான் இந்தத் தொழிலின் உயிர். பிரியாணியில் அரிசி உதிரி உதிரியாக இருந்தால் ஒவ்வொரு மணியிலும் மசாலா பிடிக்கும், குழைந்து கட்டியானால் மேலே மட்டும்தான் பிடிக்கும். தூளும் அப்படியே. மணி சின்னதாக, தனித்தனியாக இருந்தால்தான் மின்சாரம் பிடிக்க இடம் நிறையக் கிடைக்கும்.

தூளைத் தடவுவது நிக்கல் ஃபோமின் மேல். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு மாதிரி துளைத்துளையாக இருக்கும் மெல்லிய உலோகத் தகடு அது. அந்த முறை வந்த ஃபோம், மழைக்காலத்தில் துறைமுகத்துக் கன்டெய்னரில் ரொம்ப நாள் கிடந்து, எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமுமாக வந்து சேர்ந்தது. வழக்கமான அமிலக் கழுவலுக்கு அது மசியவில்லை. அமிலத்தைக் கொஞ்சம் சூடாக்கி, கொஞ்சம் கூடுதல் நேரம் ஊறவைத்து, ஜன்னலோரம் கடல்காற்றில் உலர்த்தினோம். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருந்தாலும் பிசுக்கு போயிருந்தது. எல்லோருக்கும் அது போதுமாக இருந்தது.

அந்தத் தகட்டில் பர்வீன் தூளை மெல்லிசாகத் தடவி என் மேசைக்குக் கொண்டுவந்தாள். ஒரு கிராம் தூள் எவ்வளவு மின்சாரம் பிடிக்கிறது என்று பார்த்தால் முன்பு வந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மறுபடி வைத்தேன், மறுபடியும் அதே. எங்கள் தலைவரை எல்லோரும் சார் என்போம், அவருக்கு வேறு பெயர் இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். “அப்ப பெட்டி பாதிதான்” என்று மட்டும் சொன்னார். அவர் முகத்தில் சிரிப்பை நான் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல எண் வந்தால் சார் பிரியாணி வாங்கித் தருவார், எண்ணைக் கொண்டுவந்தவர் முதல் இலையில் உட்காருவார். பர்வீனுக்கு அது முதல் முறை. பிரியாணிக்கும் வெளியே போக வேண்டியதில்லை, அவள் மாமாவே வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருக்கிறார். அதனால் எங்கள் எண் அவள் வீட்டுக்கும், வீட்டிலிருந்து தெருவுக்கும் போய்விட்டது. அக்கா மகள் ஏதோ கண்டுபிடித்துவிட்டாள், இனிமேல் லாஞ்சு எல்லாம் கரியில் ஓடப்போகிறது என்று மாமா கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். பர்வீன் அதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள், ஆனால் முகம் பூரித்துத்தான் இருந்தது.

புதுக் கணக்குப்படி சின்னப் பெட்டி தயாரானது. அதைச் சோதிக்க எங்கள் கூடத்து ஜெனரேட்டர் எஞ்சினில் மாட்டினோம். காலையில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடி, அப்போதுதான் நின்றிருந்தது. பொத்தானை அமுக்கினதும் எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் மதியம் சூசை வந்து பெட்டியை எடுத்துப் போவதென்றும், அதே மதியம் பிரியாணி என்றும் முடிவானது.

மறுநாள் காலையில் தூளைச் சுடும் ஃபர்னஸ் கெட்டுப்போய்ச் சூடு மிஞ்சி, ஒரு தட்டுத் தூள் தீய்ந்துவிட்டது. புகை மாதிரி எழ வேண்டிய தூள் பொரிகடலை மாதிரி கட்டி கட்டியாக இருந்தது. கொட்டிவிடலாம் என்றார்கள். வேலை ஒன்றும் இல்லாத நேரம், சும்மா அளந்துதான் பார்ப்போமே என்று பர்வீன் அதையும் தடவிக் கொண்டுவந்தாள், கட்டியாக இருந்ததால் கொஞ்சம்தான் ஒட்டியிருந்தது. அளந்தேன். அதே எண். ஒரு புள்ளி கூடக் குறையவில்லை.

கூடம் முழுக்க ஒரே கும்மாளம். தீய்த்தாலும் தாங்குகிறது, இதை யாராலும் கெடுக்க முடியாது என்றார்கள். சார் கூட, அப்படியானால் தயாரிப்பு சுலபமாகிவிடும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். குழைந்த சோறும் உதிரிச் சோறும் ஒரே ருசியாக இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னால், அவர் நாக்கைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். நீங்கள் என் நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள்? கையில் ஆதாரம் இல்லை, சந்தேகம்தான் இருக்கிறது. சார் பக்கத்திலேயே இருக்கிறார், அவர் காதில் போட்டால் உடனே எல்லாவற்றையும் நிறுத்துவார். நின்ற பிறகு அந்தப் பெண் கூட்டத்துக்கு நடுவில் திகைத்து நிற்பாள். சத்தமாகச் சொன்னால் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கலாம். வாயை மூடிக்கொண்டால் மதியம் சூசை வந்து பெட்டியை எடுத்துப் போய்விடுவான். அவன் கூட ஆறேழு பேர் அந்த லாஞ்சில் போவார்கள். எண்ணூரில் கப்பல் வரும் பாதையில் அவன் எஞ்சினை நிம்மதியாக நிறுத்தப்போவது எங்களை நம்பித்தான்.

பர்வீனை டீ குடிக்கக் கூப்பிடுகிற மாதிரி வெளியே கூப்பிட்டேன். டேங்கர் லாரிகள் மணலிப் பக்கம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, அந்தச் சத்தத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. தீய்ந்த தூளும் அதே எண் கொடுத்ததே, அதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். நல்லதுதானே அக்கா என்றாள்.

“நல்லாப் படிச்ச பொண்ணும் நூறு, பரீட்சைக்கே போகாத பையனும் நூறுன்னா, நீ யாரைப் போய்க் கேப்ப?”

“பேப்பர் திருத்தினவங்கள” என்றாள். சொல்லிவிட்டு டீ கிளாசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

தூளே தடவாமல், கழுவின ஃபோமை மட்டும் வைத்து அளந்து பார்க்கலாமா என்று கேட்டேன். முன்பெல்லாம் ஒவ்வொரு புதுச் சரக்குக்கும் அப்படி ஒரு வெறுந்தகடு வைத்துப் பார்ப்பது எங்கள் கூடத்தில் வழக்கமாக இருந்தது. வைத்த போதெல்லாம் ஒன்றுமே வராது. ஒன்றுமே வராததை எதற்கு அளக்கிறோம் என்று, அவள் சேருவதற்கு முன்பே அந்தப் பழக்கம் நின்றுபோயிருந்தது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தண்டச் செலவு என்று தோன்றுகிற எல்லாமே நிற்கிற மாதிரி அதுவும் நின்றுபோனது.

பர்வீனுக்குக் கோபம் வந்துவிட்டது. கண் கலங்கினது எனக்குத் தெரியக் கூடாதென்று லாரிகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “இத்தன நாள் வராத சந்தேகம் இன்னிக்குத்தான் வரணுமாக்கா? மாமா பிரியாணியோட வண்டியில வந்துகிட்டிருக்காரு.” கிளாசைக் கடையில் வைத்துவிட்டு விடுவிடுவென்று உள்ளே போனாள். சரி, இனி இந்தப் பெண்ணும் பின்வாசல் வழியாகத்தான் வருவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் உள்ளே போனபோது அவள் என் மேசையில் உட்கார்ந்திருந்தாள். கழுவின ஃபோமில் ஒரு துண்டு வெட்டி, தன் கையாலேயே கரைசலில் இறக்கி, இணைப்பு கொடுத்துவிட்டிருந்தாள். ஓட்டுங்கள் என்று சைகை காட்டினாள். ஓட்டினேன்.

திரையில் கோடு மெதுவாக வரைந்துகொண்டு போகும், அவசரப்படுத்த முடியாது. அந்த நேரத்தில்தான் வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. மாமா புது வெள்ளைச் சட்டையில் இறங்கினார், பின்னால் தேக்ஸா என்கிற பிரியாணி அண்டாவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர். கூடமெல்லாம் வாசனை. “எங்க அக்கா பொண்ணு எங்க?” என்று அவர் கேட்பது எங்களுக்குக் கேட்டது. பர்வீன் திரும்பவில்லை. வெறுந்தகட்டுக்குப் படுத்துக் கிடக்க வேண்டிய கோடு எழுந்து, அவளுடைய தூள் காட்டின அதே இரண்டு மேடுகளைக் காட்டி, அந்த உயரத்தில் பாதிவரை போய் இறங்கியது.

என்ன நடந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன். சூடான அமிலமும் கடல்காற்றும் சேர்ந்து ஃபோமின் மேலேயே ஒரு நிக்கல் ஆக்சைடுத் தோலை வளர்த்துவிட்டன. அந்தத் தோலும் மின்சாரம் பிடிக்கும், நாங்கள் அதையும் தூளின் கணக்கில் சேர்த்துவிட்டோம்; தீய்ந்த தூள் கொஞ்சமே ஒட்டியிருந்ததால் கிராமுக்குத் தோலின் பங்கு இன்னும் கூடுதலாக விழுந்து, எண் குறையாமல் நின்றது. அடியில் சர்க்கரை ஒட்டியிருக்கிற டம்ளரில் ஒரு சிட்டிகை டீத்தூள் போட்டுக் குடித்துவிட்டு, இந்த டீத்தூள் இனிக்கிறது என்று சொன்ன கதைதான். ஒரு டம்ளருக்கு அது பரவாயில்லை. அதை நம்பி ஊருக்கே சர்க்கரையில்லாமல் டீ போட்டால்? தடிமனாகத் தூள் பூசின பெரிய தகடுகளில் அந்தத் தோலின் பங்கு தூளோடு சேர்ந்து அதிகமாகாது. ஆனால் நாங்கள் தூள் கூடக்கூட எல்லாம் கூடும் என்று கணக்குப் போட்டுப் பெட்டியைப் பாதியாக்கியிருந்தோம்.

“அக்கா, சாப்பிட்டப்புறம் சொல்லிக்கலாமா?” என்றாள் பர்வீன், ரொம்ப மெல்லிய குரலில்.

உண்மையைச் சொல்கிறேன். அவள் மாமாவின் சத்தம் வாசலில், என் வயிற்றில் பசி, அந்த வாசனை வேறு. ஒரு மணி நேரத்தில் என்ன குடிமுழுகிப் போகும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்போது சூசை உள்ளே வந்தான். நேரே சின்னப் பெட்டி இருந்த மேசைக்குப் போய், அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான். கைக்குழந்தை எடையைப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் ஆட்டினான்.

“பூ மாதிரி கீது, லூர்து. இதுக்கா அவ்ளோ பேஜாரு பண்ண? நான் சாப்டுகினு அப்டியே தூக்கிகினு கெளம்பறேன், பசங்க வெயிட் பண்ணிகினு கீறானுங்க.”

பர்வீன் எழுந்து போனாள். அவன் கையிலிருந்த பெட்டியை அப்படியே வாங்கி, மேசைமேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

“இத எடுத்துட்டுப் போகாதீங்கண்ணே. நான் போட்ட கணக்கு தப்பு. இதுல அவ்வளவு இல்ல.”

அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். கூடம் முழுக்கக் கேட்டது. தேக்ஸாவின் மூடியைத் திறந்த மாமா, கரண்டியோடு நின்றுவிட்டார். சார் வந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், போட்டுப் பார்த்தார், மறுபடி கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார், நாங்கள் எல்லோரும் அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் தோலின் பங்கைக் கழித்தால் தூளுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார். பர்வீன் அங்கேயே கணக்குப் போட்டாள். முன்பு வந்துகொண்டிருந்த பழைய எண்தான் மிஞ்சியது. அது கெட்ட எண் இல்லை, பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன எண், அவ்வளவுதான்.

“அப்ப மேசைக்கடியில இருக்கற பெரிய பெட்டி” என்றார் சார்.

சூசை குனிந்து மேசைக்கடியில் பார்த்தான். இது என் லாஞ்சுக்குள் போகாது, சின்னப் பெட்டியையே கொடுங்கள், இதுவும் நேற்று ஜெனரேட்டரை இழுத்ததல்லவா என்று வாதம் செய்தான். இழுத்தது, ஆனால் அந்த எஞ்சின் சூடாக இருந்தது, தொட்டால் ஓடுகிற நிலையில் இருந்தது என்று பர்வீன் பொறுமையாகச் சொன்னாள். அவன் தலையைச் சொறிந்தான். பெரிய பெட்டியின் நீள அகலத்தைச் சாணால் அளந்தான். திடீரென்று அவன் முகம் தெளிந்தது. அவன் லாஞ்சில் உட்காரும் மரப்பெட்டி இருக்கிறதே, அதைத் தூக்கிவிட்டால் இது அந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும், இதன்மேலேயே அவனும் உட்கார்ந்துகொள்ளலாம் என்றான்.

“ஆனா ஒண்ணு. அது எம்மாமனார் குட்த்த பொட்டி. வூட்ல நீதான் வந்து சொல்லணும், லூர்து.”

அதைத் தூக்கி எறிய இருபது வருஷமாக அவன் சாக்குத் தேடிக்கொண்டிருந்தது எங்கள் தெருவுக்கே தெரியும். நான் சொல்கிறேன் என்றேன்.

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் உட்காரவில்லை. எண்ணுக்குத்தான் பிரியாணி, எண்ணோ செத்துப்போய்விட்டது. பர்வீன் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றாள். மாமா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அவருக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை, அக்கா மகள் பக்கத்தில் போய் ஏதோ கேட்டார், அவளும் ஏதோ சொன்னாள். திரும்பி வந்து, பொட்டி பெருசாயிடுச்சு, அவ்வளவுதானே, தால்சாக் குழம்பு யார் யாருக்கு என்று கேட்டார். முதலில் சிரித்தவர் சார். முதல் இலையைக் காட்டி பர்வீனை உட்காரச் சொன்னார். அவள் தயங்கினாள்.

“எண்ணக் கொண்டாந்ததும் நீதான், எண்ண உடைச்சதும் நீதான். ரெண்டு இலை போட முடியாது, ஒண்ணுல உக்காரு” என்றார்.

அன்றைக்கு நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

பெரிய பெட்டி லாஞ்சுக்குப் போனது. சூசை வீட்டில் நான் போய்ச் சொன்னேன், மாமனார் பெட்டி இப்போது அவர்கள் வீட்டுக் கோழிகளுக்குக் கூண்டாக இருக்கிறது. சில நாள் கழித்து ஒரு காலையில் சூசை கையில் வஞ்சிரத்தோடு நம் வாசலில் வந்து நின்றான். பர்வீனையும் வரச்சொன்னான். பையன்கள் போனில் படம் பார்த்தே பேட்டரியைக் காலி செய்துவிட்டார்களாம். லாஞ்சு நீரோட்டத்தில் தானாகவே நகர்ந்து மறுபடியும் எண்ணூர்ப் பாதைக்குள் போய்விட்டதாம்.

“தூரத்துல கப்பலு ஊதிகினே வருது. உன் பொட்டிய அமுக்கினேன், இஞ்சினு சுத்துது, புடிக்கல. இன்னொரு தபா அமுக்கினேன். அப்பவும் புடிக்கல. பசங்க மாதாவக் கூப்டுறானுங்க. அப்பால ஒரு தபா அமுக்கினேன் பாரு, பட்டுனு புட்சுகிச்சு.”

“முதல் தடவ புடிக்கலையாண்ணே?” என்றாள் பர்வீன்.

“குளுந்துபோன இஞ்சினும்மா, எங்க ஒரே தபால புடிக்கும்? ஆனா உன் பொட்டிக்கு மூச்சே வாங்கல.”

அவன் சொல்லிவிட்டு மீனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். சின்னப் பெட்டியில் குளிர்ந்த எஞ்சினுக்கு ஓர் இழுப்புக்கு மேல் இருந்திருக்காது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பர்வீன் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், மீன் வேறு கையில் நாறிக்கொண்டிருந்தது. பிறகு அவள் எழுந்து உள்ளே போனாள். அன்றைக்கு அளந்த அந்த வெறும் ஃபோம் துண்டைத் தேடி எடுத்து, சோதனை மேசைக்கு மேலே சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள்.

நீங்கள் தினமும் பார்க்கிற சாம்பல் நிறத் துண்டு அதுதான். அது அலங்காரம் என்று உங்களில் ஒருவர் நினைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

சார் ஓய்வு பெற்றுப் போன பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் பர்வீன். ஒருநாள் உங்களுக்கும் ஓர் எண் வரும். நெஞ்சு படபடக்க அவளிடம் கொண்டுபோவீர்கள். அவள் முழுசாகக் கேட்பாள், சந்தோஷப்படுவாள், அப்புறம் வெறுந்தகடு வைத்தாயா என்று கேட்பாள். அப்போது முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதீர்கள். நீங்களே வெட்டி, நீங்களே கரைசலில் இறக்கி, பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கோடு எழுகிறதா படுக்கிறதா என்று பாருங்கள். எழுந்தாலும் கவலையில்லை. நீங்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போதே உங்கள் முகத்தைப் பார்த்து அவள் மாமாவுக்குப் போன் போட்டிருப்பாள். எண் நின்றாலும் விழுந்தாலும் மதியம் தேக்ஸா வந்துவிடும், முதல் இலையும் உங்களுக்குத்தான்.